சென்னை அணிக்கு இடைப்பருவ வேலை

கேள்வி: ஐ.பி.எல். முடிந்தபின் சென்னை சூப்பர் கிங்ஸைச் சீர்செய்ய ரசிகர் போடும் திட்டம் எப்படி இருக்க வேண்டும்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குமரியின் நெல் பருவங்களான கன்னிப்பூவின் அறுப்புக்கும் கும்பப்பூவின் நடவுக்கும் நடுவே வயலைப் பண்படுத்துவதுபோல, முதலில் உழவு, பிறகுதான் நாற்று. 2025இல் சென்னை 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று, முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. பவர்பிளேயில் ரன் வராதது பெருங்குறை. அதைத் தீர்க்க, நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, குமரிக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்துக்காரர் சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தது. டிசம்பர் ஏலத்தில், சர்வதேச ஆட்டம் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. ரசிகரின் வரிசையும் இதுவே: குறையைக் கணக்கிடுதல், இடத்துக்கேற்ற ஆளைத் தேடுதல், இளையவரை வளர்த்தல். ஏலத்தில் பெயர் விலைபோகும். ரன் எடுப்பது மட்டைதான்.