தம்பதிவ போன பாஸ்

1939இல் ஓப்பநாயக்க ஸ்டேஷனில் ரயில் ஏறிய ஆள், மூன்று அகலத் தண்டவாளங்களில் குலுங்கி, நடுவில் ஒரு கப்பலில் வாந்தியும் எடுத்து, திருச்சியில் போய் இறங்கலாம். ஓப்பநாயக்கவிலிருந்து கொழும்புக்கு இரண்டரை அடி அகலம். கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு ஐந்தரை அடி. அக்கரையில் தனுஷ்கோடியிலிருந்து ஒரு மீட்டர். ஒரே சாம்ராஜ்யம்தான், ஆனால் தண்டவாளத்தில்கூட ஒத்துப்போகவில்லை. களனிவெளிப் பாதையை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வெள்ளைக்காரன் நீட்டியது ரப்பரையும் தேயிலையும் இறக்கத்தான். ஆட்கள் ஏறிக்கொண்டது உபரி. 1976இல் அந்த நீட்சியையும் மூடிவிட்டார்கள். இப்போது பலாங்கொடை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பெல்மதுளையைத் தாண்டினால்தான் எங்கள் ஊர்.

என் தாத்தா அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவர். பால் வெட்டுகிற வேலை. சொந்த ஊர் எது என்று கேட்டால் மட்டும், மார்பை நிமிர்த்தி, "துறையூர்ப் பக்கம்" என்பார். திருச்சிச் சீமையில் இருக்கும் அந்தத் துறையூரை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா விட்ட கதைதான் கையிருப்பு: கிணறு, மாந்தோப்பு, பத்துக் காணி நிலம். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் வரும் என்று ஒரு கங்காணி சொன்னதை நம்பிக் கப்பலேறிய மனுஷன் அவர். பதிலுக்கு மகனிடம் ஒரு மாந்தோப்பை அவிழ்த்துவிட்டதில் என்ன தப்பு?

தாத்தாவின் கூட்டாளி ஒரு சிங்களத் தச்சர். கிராமத்திலும் தோட்டத்திலும் அவருக்குப் பெயரே பாஸ்தான். நாளுக்கு ஐம்பது சதம்கூடத் தேறாத சம்பளத்தில் காசு சேர்த்து, அந்த 1939 பங்குனியில் துறையூருக்குப் புறப்பட்டபோது, துணைக்கு பாஸையும் இழுத்தார் தாத்தா. பாஸ் ஏன் சம்மதித்தார் என்பதில்தான் இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை வழக்கு. எங்கள் வீட்டுக் கதையில் அவர் சிநேகத்துக்காக வந்தார். பாஸின் பேரன் என் நண்பன். அவன் வீட்டுக் கதையில் தாத்தா பச்சைப் பொய் சொன்னார். சிங்கள பௌத்தர்களுக்கு இந்தியா என்றால் தம்பதிவ, புத்தர் ஞானம் பெற்ற பூமி. "புத்தகயாவும் துறையூரும் பக்கம் பக்கம்தானே?" என்று பாஸ் கேட்டாராம். "ஒரே ரோடு" என்றாராம் தாத்தா. ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் ரோடு அது.

கப்பல் விஷயத்தில் இரு தரப்புக்கும் பேதமில்லை. அந்தக் காலத்தில் 'இர்வின்', 'கோஷன்' என்று இரண்டு கப்பல்கள் ஓடின; ஒன்றுக்கு வைசிராய் பெயர், மற்றதுக்குச் சென்னை கவர்னர் பெயர். இரண்டு பிரபுக்களில் எவர்மேல் வாந்தியெடுத்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

ஊர் வந்தது. கிணறு இருந்தது, தண்ணீர் இல்லை. மாந்தோப்பு இருந்ததற்கான அடையாளமே இல்லை. நிலம் இருந்தது, பங்காளிகள் கையில். கண்டியிலிருந்து ஒருத்தன் திடீரென்று வந்து நிற்கிறான், கூடவே பாஷை புரியாத ஓர் ஆளும் நிற்கிறான் என்றதும் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது: பங்கு கேட்க வந்திருக்கிறான், சாட்சியையும் கையோடு கூட்டிவந்திருக்கிறான். (ஓப்பநாயக்க எங்கே, கண்டி எங்கே! துறையூர்க்காரர்களுக்கு இலங்கை மொத்தமும் கண்டிச்சீமைதான்.) ஊர்ப் பெரியவர் ஒருவர் பாஸைத் தனியே அழைத்துப்போய்க் கம்பங்கூழ் ஊற்றி, "உனக்கு எவ்வளவு தர்றதா பேச்சு?" என்று விசாரித்தார். பாஸுக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் வரும். புத்தகயாவுக்கு வண்டிச் சத்தம் கேட்கிறார் என்று நினைத்து, "நீங்க சொல்லுங்க" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். அன்று இரவே பங்காளிகள் கூடிவிட்டார்கள்.

பாஸுக்குப் போதிமரம் கிடைக்காமல் இல்லை. ஊர்க் குளத்தங்கரையில் அரசமரம் ஒன்று இருந்தது, அடியில் பிள்ளையார். வெள்ளைத் துணி உடுத்தி, பூ வைத்து, பாஸ் மண்டியிட்டார். "புத்தர் எங்கே?" என்ற கேள்விக்குத் தாத்தா கொடுத்த பதில்: "வெளிய போயிருக்காரு, இவரு பாத்துக்கிறாரு." இதில் ஒரு வயிற்றெரிச்சல். பச்சைமலைக்கு அந்தப் பக்கம், ஆத்தூர்ப் பக்கத்துத் தியாகனூரில், அசல் கருங்கல் புத்தரே உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் அது தெரியாது. நானும் என் நண்பனும் இதைத் தெரிந்துகொண்ட நாளில், தாத்தாமேல் இருந்த பழைய வழக்கை அவன் இன்னும் கடுமையாக்கினான்.

தண்ணீர் சரியில்லை, வெயில் சரியில்லை, ஓர் அட்டை கடிக்கக்கூட வக்கில்லாத ஊர் என்று முதலில் முணுமுணுத்தவர் பாஸ் அல்ல, தாத்தா. ஊரில் நடந்த பங்குனித் திருவிழா முடிந்த மறுநாளே "ஊருக்குப் போவம் பாஸ்" என்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

மண்டபத்தில் பிடித்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை நிறுத்தி, அம்மை குத்தி, உடுப்பை அவித்து அனுப்புகிற முகாம் அது. பாஸ் கொதித்தார்: நான் சிங்களவன், என் நாட்டுக்குப் போக எனக்கு எதற்கு ஊசி? நியாயம்தான். ஆனால் அங்கே சிங்களம் தெரிந்த எவரும் இல்லாததால் அதைத் தமிழில் சொன்னார். அதுவும் ஓப்பநாயக்கத் தோட்டத்துத் தமிழில். குமாஸ்தா சிரித்துக்கொண்டே அவரை வரிசையில் தள்ளினார். "ஐயா, இவரு மெய்யாவே சிங்களவரு" என்று தாத்தா சாட்சி சொன்னார். ஒரு கூலி இன்னொரு கூலிக்குச் சொல்கிற சாட்சி எந்தக் கச்சேரியில் எடுபட்டது? ஊசி இறங்கியது.

அதே வருஷம் கொழும்பு அரசாங்கம் நாட்சம்பள இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்த, ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்துத் திரும்ப, ஆகஸ்ட் 1 முதல் கூலியாட்கள் இலங்கைக்குப் போகக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. பங்காளிகளிடம் தாத்தா ஆடிவரை மல்லுக்கட்டியிருந்தால், பாஸ் தனியாகத்தான் திரும்பியிருப்பார்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு என்றது. பாஸின் தகப்பனுக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அதை யாரும் கேட்கவில்லை. 1949இல் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சட்டம்: கல்யாணமானவன் 1946க்கு முந்திய ஏழு வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. தேறியது ஏறக்குறைய 1,34,000 பேர். தாத்தாவின் விசாரணையில் துறையூர்தான் முதல் கேள்வி. ஏன் போனாய்? நிலம் உண்டா? சாட்சிக் கூண்டில் ஏறிய பாஸ் மனதாரப் பேசினார்: "நிலம் இல்லை ஐயா, தண்ணியும் இல்லை. பொய்க்காரன், ஆனால் எங்கள் ஊர்க்காரன்." முதல் பாதி மட்டும் அதிகாரியின் காதில் விழுந்ததோ என்னவோ, மனு தள்ளுபடி.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் உட்கார்ந்து, நாடற்றுப்போன எங்களை ஆட்டுக்கறி மாதிரி கூறு போட்டார்கள்: உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று அறுத்தார்கள். தாத்தா முதல் கூறில் விழுந்தார். இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. 'தாயகம்' போகும் கப்பலுக்கு ஒவ்வொரு முறை அழைப்பு வரும்போதும் அவருக்கு ஒரு வியாதி வந்தது. எல்லாம் பாஸ் சொல்லிக்கொடுத்த வியாதிகள்.

1981 ஆகஸ்ட் இனக்கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். அந்த ராத்திரி தாத்தாவைத் தன் பட்டறைக்கு இழுத்துப்போய், அரைகுறையாகச் செய்து வைத்திருந்த ஒரு சவப்பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினார் பாஸ். விடிந்ததும் எழுந்து வந்த தாத்தா நன்றி சொன்னதாக எந்த வீட்டுக் கதையிலும் இல்லை. கால்மாட்டில் நாலு அங்குலம் குறைகிறது, இதையெல்லாம் காசுக்கு விற்கலாமா என்றாராம்.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அனுப்ப வழியில்லாமல் ஓப்பநாயக்கவிலேயே தங்கிப்போன இந்தியக் குடிமக்களில் தாத்தாவும் ஒருவர். பாஸுக்கு மட்டும், மண்டபத்து ஊசித் தழும்பைக் காட்டிக் காட்டிக் கதை சொன்ன புண்ணியத்தில், கிராமத்தார் வைத்த பெயர் கடைசிவரை போகவில்லை: இந்தியன் பாஸ்.