ஓகே புராணம்

கல்யாணத் தரகர் "பையன் ஓகே" என்றால் வேலை இருக்கிறது, முடி இல்லை என்று பொருள். மெக்கானிக் "ஓகே சார், சாயங்காலம் வாங்க" என்றால் வண்டி நாளைக்குத்தான். என் அக்கா போனில் "ஓகே... ஓகே..." என்று ஆரம்பித்ததும் பேச்சு முடிகிறது என்று நம்பி நான் செருப்பை மாட்டுவேன், அதற்கப்புறம்தான் நாத்தனார் கதையே தொடங்கும். மருமகனோ வாட்ஸ்அப்பில் வெறும் 'கே' என்கிறான். அந்த 'ஓ'வை யாருக்குச் சேர்த்து வைக்கிறானோ!

இந்தச் சொல்லைப் பெற்றது யார் என்று தேடினால், உரிமை கேட்டு வருகிறவர்கள் பலர். 'எல்லாம் நலம்' என்கிற எங்கள் 'ஓலா கலா'தான் அது என்பது கிரேக்கர் கட்சி. அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் சொல் என்பது இன்னொரு கட்சி. ஜனாதிபதி உட்ரோ வில்சனே இதில் சேர்ந்துகொண்டு, கோப்புகளில் 'ஓகே'யைச் சாக்டா முறைப்படி எழுத்துக்கூட்டினார். ஒபதையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தா பார்சல்களில் போட்ட இனிஷியல் அது என்றும் ஒரு கதை உலவுகிறது.

வழக்கைத் தீர்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய பத்திரிகைகளைக் கிளறி 1963-64இல் அவர் எழுதிய கட்டுரைகள் சொல்வது இதுதான்: 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களை ஒரு வியாதி பிடித்திருந்தது. வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சடித்து, தாங்களே சிரித்துக்கொள்வார்கள். 'ஆல் கரெக்ட்' இப்படித்தான் 'ஓல் கொரெக்ட்' ஆகி, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'டில் 'ஓ.கே.' என்று வந்தது. எல்லாம் சரி என்று சான்றிதழ் கொடுக்கிற சொல், இருப்பது இரண்டே எழுத்து, இரண்டும் தப்பு!

கூடப் பிறந்த 'ஆல் ரைட்'டின் 'ஓ.டபிள்யூ.' அற்பாயுசில் போய்விட்டது. ஓகே பிழைத்ததற்கு அரசியல்தான் காரணம். 1840 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரனுக்குச் சொந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்பதைச் சுருக்கி, தொண்டர்கள் ஓ.கே. கிளப் திறந்தார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் கோப்பில் கிறுக்கியதே ஓ.கே. என்று கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றார். சொல் ஜெயித்தது.

நாம் மட்டும் என்ன? 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்துக்கு 'ஓகே ஓகே' என்று பெயர் சுருக்கி டிக்கெட் வாங்கியவர்கள்தானே. பாஸ்டன் வியாதி கடல் தாண்டியும் தொற்றும்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அலுவலகங்களில் "பேப்பர் எல்லாம் ஓகே சார்" என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். சீல் விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.