சனிக்கிழமை மேட்ச், ஞாயிற்றுக்கிழமை யுத்தம்

கே: உலகமே பற்றி எரியும்போது அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாமே, நியாயமா?

ப: யுத்தத்தை விட்டுவிட்டு விளையாடப் போனார்கள் என்கிறீர்கள். சிலர் விளையாடப் போன இடத்துக்கு யுத்தமே வந்து சேர்ந்தது. ஓரிகன் மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர் உண்டு (மாம்பழச் சேலம் அல்ல). அங்கே வில்லமெட் பல்கலைக்கழகம். பெயர்தான் பெரிது, ஆள்பலத்தில் சின்னக் கல்லூரி. 1941-ல் அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தன் வட்டாரத்தில் சாம்பியன். கடைசி ஆட்டங்களுக்கு ஹவாய்ப் பயணம். நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் லுர்லின் கப்பல் ஏறினார்கள். டிசம்பர் 6, சனிக்கிழமை, ஹொனலூலுவில் ஹவாய் பல்கலைக்கழகத்திடம் 20–6 என்று தோற்றார்கள். தோல்வியைப் பற்றி வருத்தப்பட அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி.

கே: மறுநாள் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது எங்கே இருந்தார்கள்?

ப: வைக்கிக்கி கடற்கரையில் மோவானா ஹோட்டல் வாசலில், ஊர் சுற்றிப் பார்க்க பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். விமானங்கள் பறக்கின்றன, கடலில் தண்ணீர் பீறிட்டு எழும்புகிறது. ராணுவ ஒத்திகை என்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பஸ் வரவில்லை.

கே: பயந்து அறைக்குள் பதுங்கினார்களா?

ப: பதுங்க எங்கே விட்டார்கள்! ராணுவத்துக்கு அன்று ஆள் பஞ்சம். கட்டுமஸ்தான இளைஞர்கள், ஒருவர் சொன்னால் மற்றவர் எல்லாம் கேட்டுப் பழகியவர்கள். இப்படி ஒரு கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தால் எந்த அதிகாரி விடுவார்? முதலில் வைக்கிக்கி கரையோரம் முள்கம்பி கட்டச் சொன்னார்கள். அப்புறம் முதல் உலகப்போர் காலத்து ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளைக் கையில் கொடுத்து புனஹோ பள்ளிக்குக் காவல் போட்டார்கள். ராணுவப் பொறியாளர்கள் அந்தப் பள்ளியைத் தங்கள் முகாமாக்கி இருந்தார்கள். (பிற்காலத்தில் ஒபாமா படித்த பள்ளி.) ஊர் முழுக்க விளக்கணைப்பு. ஜப்பான்காரன் எப்போது கரையேறுவானோ என்ற பீதி. துப்பாக்கி பிடித்தே பழகாத பையன் கும்மிருட்டில், விசையில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு ஜப்பானியரைவிட அந்தப் பக்கம் அகாலத்தில் நடமாடிய உள்ளூர்க்காரரைத்தான் நினைத்தால் பதறுகிறது.

கே: கோச் என்ன செய்தார்? விசில் ஊதினாரா?

ப: ராய் கீன். ‘ஸ்பெக்’ என்பார்கள். ஃபுட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால் மூன்றுக்கும் அவரே கோச். சின்னக் கல்லூரி என்றால் அப்படித்தான். ஆனால் அவருடைய ஆகச் சிறந்த ஆட்டம் கப்பல் துறையில் நடந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பிரெசிடென்ட் கூலிட்ஜ் கப்பல் புறப்படவிருந்தது. ‘என் பையன்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார்கள், எங்களுக்கும் இடம் கொடுங்கள்’ என்று பேசி முடித்துவிட்டார். டிசம்பர் 19-ல் கிளம்பி, நீர்மூழ்கி பயத்தோடு வந்து, கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள். அந்தக் கப்பல் அடுத்த அக்டோபரில், அமெரிக்கா தானே போட்டு வைத்த கண்ணிவெடியில் மோதி மூழ்கிற்று.

கே: எல்லாரும் உயிரோடு வந்தார்களா?

ப: வந்தார்கள். வந்ததும் பெரும்பாலோர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஒருவர் 1945-ல் இவோ ஜிமாவில் இறந்தார்.

கே: ஹவாயில் இவர்கள் மட்டும்தான் மாட்டிக்கொண்டார்களா?

ப: அதே கப்பலில் வந்த சான் ஹோசே ஸ்டேட் அணியும். ஒரு மேட்ச்கூட ஆடவில்லை, பாவம். அவர்களைப் போலீஸில் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் ஊர் திரும்பவே இல்லை. பதறாதீர்கள், வேலை பிடித்துப்போய் ஹொனலூலு போலீஸிலேயே தங்கிவிட்டார்கள். வந்த இடத்தில் அரசாங்க உத்தியோகம்! நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கே: யுத்தம் வந்தபின் சின்னக் கல்லூரிகள் டீமைக் கலைத்துவிட்டனவா?

ப: பல கலைத்தன. பையன்களே இல்லையே! ஆனால் கடற்படை 1943-ல் வி-12 என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டத்தைக் கல்லூரிகளில் தொடங்கியது. தன் மாணவர்கள் ஃபுட்பால் ஆடலாம் என்றது. தரைப்படையோ தன் மாணவர்களுக்கு நேரமில்லை, கூடாது என்றது. ஆகவே மாலுமிகள் வந்திறங்கிய கல்லூரிக்கு ராஜயோகம். டெக்சாஸில் சவுத்வெஸ்டர்ன் என்று பொடிக் கல்லூரி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர்கள் சிலரே பயிற்சிக்காக அங்கே மாற்றலாகி வந்தார்கள். வந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்தையே 14–7 என்று வென்றார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே கன்னம் வைத்த மாதிரி.

கே: பையன்கள் போருக்குப் போனார்கள் சரி, காலியான மைதானத்தை என்ன செய்தார்கள்?

ப: சிகாகோ பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். 70 வயதாகிவிட்டது என்று அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. 1939-ல் ஃபுட்பாலையே கைவிட்டது. கிழவர் கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய், 1943-ல், 81 வயதில், கடற்படைப் பையன்களை வைத்துக்கொண்டு ஆண்டின் சிறந்த கோச் பட்டம் வாங்கினார். அவர் பெயரில் இருந்த சிகாகோ மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் 1942 டிசம்பர் 2 அன்று விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி அணு உலையை ஓடவிட்டுப் பார்த்தார். மேலே மேட்ச் எதுவும் நடக்காததால் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.