பாடுமீனும் பொருள்கோளும்

கேள்வி: பொருள்கோளியல் என்னும் தத்துவம் மனித அனுபவத்துக்கு எவ்வாறு உதவும்? (வாசகர், ஆரையம்பதி)

பதில்: பௌர்ணமி இரவிலே மட்டக்களப்பின் கல்லடி வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறுநுனியிற் செவியை வைத்தால் எழும், பாடுமீனின் பாட்டெனப்படும் மெல்லிய நாதத்தை, இலங்கையில் பிரித்தானிய ஆட்சி அதிகாரியாயிருந்த எமர்சன் டெனன்ட் துரை தமது 1859ஆம் ஆண்டு நூலிலே சிப்பியினத்தின் ஒலியென்று ஊகிக்க, 'யாழ்நூல்' (1947) தந்த விபுலாநந்த அடிகளோ நீரர மகளிரின் கானமாகக் கொண்டார். நாதம் ஒன்றே, பொருள் இரண்டு. மரபைக் கரையிலே கழற்றி வைத்துவிட்டு எவரும் தோணியேறுவதில்லை; மரபு தரும் முன்னறிவாகிய முற்கோள் இன்றேல் நாதம் வெறும் இரைச்சலே என்ற, விளங்கிக்கொள்ளுதல் பற்றிய பொருள்கோளியற் கருத்தைத்தான் ஜெர்மானிய தத்துவஞானி கடாமர் 1960இல் 'உண்மையும் முறையும்' என்ற நூலில் விரித்துரைத்தார். எனக்கு அடிகளின் செவியே உவப்பு. அடுத்த பௌர்ணமிக்கு வாருங்கள். துடுப்பு நான் தருவேன், பாட்டி சொன்ன கதைகளை நீங்கள் மறவாமற் கொண்டு வாருங்கள்.