பழஞ்சோப்பு மகிமை

பாட்டனாரின் தகரப் பெட்டியிலே கிடந்த வட்டமான சவரச் சோப்பொன்றை, புராதன வஸ்துக்களின்மீது நான் கொண்ட பக்தியினாலும், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் என் தாடியைக் கண்டவர்கள், "அண்ணாச்சி, சாமிக்கு நேர்த்திக்கடனா?" என்று விசாரிக்கத் தொடங்கியதனாலும், ஒரு சுபதினத்தில் கிண்ணத்திலிட்டுப் பிரஷ்ஷினால் 30 நிமிஷம் கடைந்தேன். பாற்கடலிலாவது ஆலகாலம் வந்தது. இங்கே நுரைகூட வரவில்லை.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து கசடாகும் என்பது ரசாயன சாஸ்திரம். ஆகையால், குற்றாலச் சாரல் இவ்வூர்வரை தூறிய ஒரு நாளில் மழைநீரைப் பிடித்து மறுபடி முயன்றேன். நுரை பிரமாதமாகப் பொங்கிற்று. வாசனைதான், சந்தனத்தை மறந்து, பெட்டியிலிருந்த பாச்சை உருண்டையினுடையதாக இருந்தது.

இப்பொழுது சவரம் சலூனில்தான். அங்கே முடிவில் தேய்ப்பது படிகாரம். அதற்கு வாசனையே கிடையாது.