மறுபடியும் ஒருமுறை இறங்கித் தாருங்கள்

பெறுநர்: நிர்வாக சபை, வோலரெங்கா உதைபந்தாட்டக் கழகம், வல்லே ஹூவின், ஒஸ்லோ.

பொருள்: ஆண்கள் அணியை மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கித் தருமாறு பணிவுடன் கோருதல்.

மதிப்புக்குரிய சபையோருக்கு,

விண்ணப்பம் எழுதுவது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன தொழில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வதிவிட உரிமைக்கு எழுதினோம், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட எழுதினோம், வரிக் கந்தோருக்கு விளக்கம் எழுதினோம். எல்லாவற்றிலும் எங்களை மேலே ஏற்றிவிடும்படிதான் கேட்டிருக்கிறோம். கீழே இறக்கிவிடுங்கள் என்று எங்கள் குரூருட் பள்ளத்தாக்கிலிருந்து வரும் முதல் விண்ணப்பம் இதுவாகத்தான் இருக்கும். தயவுசெய்து தவறான கோப்பில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் நன்றி. 2023 டிசம்பரில் கிறிஸ்டியான்சுண்ட் அணியிடம் தண்ட உதைகளில் தோற்று நீங்கள் முதற்பிரிவை விட்டு இறங்கினீர்கள். கிறிஸ்டியான்சுண்ட் என்றால் கருவாட்டுக்குப் பேர்போன கரையோரப் பட்டினம். அந்த ஊர்ச் சனம் முழுவதையும் கூட்டிவந்து உங்கள் அரங்கத்தில் இருத்தினால், சில ஆயிரம் பேர்தான் நிற்க வேண்டியிருக்கும். 1913-இல் ஒரு பாதிரியாரின் முயற்சியில் பிறந்து, 5 தடவை நாட்டின் சம்பியனாகி, 2005-இல் ரோசன்போர்க்கின் 13 வருட ஆட்சியையே முடித்துவைத்த தலைநகரக் கழகம், கருவாட்டுப் பட்டினத்திடம் இடத்தை விட்டுக்கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

அதே பருவத்தில் ஏக்கபெர்க் மேட்டிலிருந்து கே.எஃப்.யூ.எம். அணி முதற்பிரிவுக்கு ஏறிவிட்டது. வாசகருக்கு விளங்கச் சொன்னால், கே.எஃப்.யூ.எம். என்பது நோர்வேயின் வை.எம்.சி.ஏ. யாழ்ப்பாணத்தில் வை.எம்.சி.ஏ. என்றதும் எனக்கு நினைவு வருவது மேசைப்பந்தும் கரம்பலகையும்தான். ஆக 2024-இல் ஒஸ்லோ மாநகரத்தை முதற்பிரிவில் பிரதிநிதித்துவப்படுத்தியது அவர்கள் மட்டும்தான். நீங்களும் தேவாலயத்துப் பிள்ளை, அவர்களும் தேவாலயத்துப் பிள்ளை. கடவுள் எந்தப் பக்கம் நின்றார் என்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலம்தான் என் வாழ்க்கையின் பொற்காலம். ஏனென்று சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தகப்பன்மார் நாங்கள் நடைகூடத்தில் பிளாஸ்க் தேத்தண்ணியோடு நிற்பது வழக்கம். முன்பெல்லாம் நாட்டு அரசியல், வீட்டுக் கடன் வட்டி, ஆருடைய பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்தது என்று கதை போகும். அந்தக் குளிர்காலத்தில் ஒரே கதை: அணியை எப்படித் திரும்பக் கட்டுவது?

பஸ் ஓட்டும் அண்ணர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கட்சி, ‘பயிற்றுநரை அனுப்பு.’ டாக்-ஐலிவ் ஃபாகர்மோவை 2023 பருவத்தின் நடுவிலேயே நீங்கள் அனுப்பிவிட்டீர்கள், கெயிர் பாக்க வந்துவிட்டார் என்று சொன்னோம். “அப்ப அவரையும் அனுப்பு” என்றார். ஊரில் நாவாந்துறை சென்.மேரிஸ், குருநகர் பாடும்மீன் ஆட்டங்களை மரத்தில் ஏறி நின்று பார்த்து வளர்ந்தவர். தோற்றால் ஆரையாவது அனுப்பத்தான் வேண்டும் என்பது அவருடைய மனத்தில் ஊறிய நீதி.

கணக்காளர் தம்பிக்கு மருந்து ஒன்றுதான், காசு. வெளிநாட்டில் நாலு பேரை வாங்கினால் சரி என்பார். மூன்றாமவர், மீன்கடை வைத்திருப்பவர், கொஞ்சம் தத்துவக்காரர். “தம்பி, அத்திவாரம் பிழையெண்டால் மேல்மாடி கட்டி என்ன செய்யிறது? சின்னப் பெடியளிலை இருந்து தொடங்க வேணும்” என்பார். எத்தனை வருடம் எடுக்கும் என்று கேட்டால், “பத்துப் பதினைஞ்சு” என்று சொல்லிவிட்டு வடையை எடுப்பார்.

இந்த மூவரில் ஒருவர்கூட உங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்ததில்லை. 15 வயது நிரம்பி, ஒரு மாதம் உறுப்பினராக இருந்து, சந்தாவும் கட்டியிருந்தால் எவரும் எழுந்து நின்று வாக்களிக்கலாம் என்பது இந்த நாட்டு விளையாட்டுக் கழகங்களின் சட்டம். பெரிய முதலாளி வந்து கழகத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. இவ்வளவு சனநாயகம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நானும் ஒரு வருடம் வருவதாகத்தான் இருந்தேன். அன்றைக்கு ஒரு சாமத்தியவீடு வந்துவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் அணி இறங்கியதைச் சொல்லி அழுதபோது அவர் சிரித்தார். அவர் அழுவது தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்காக. அங்கே அணி தோற்றால், ஒப்பந்தம் முடியுமுன்பே பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்ப மில்லியன் கணக்கில் டொலர் எண்ணுவார்களாம். 2018-இலிருந்து மாற்றல் பட்டியல் என்று ஒன்று வந்திருக்கிறது. பெயரைப் பதிந்தால் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம். 2021-இலிருந்து மாணவ வீரர் தன் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்கவும் செய்யலாம். “உங்கட ஒஸ்லோப் பல்கலைக்கழக அணி எப்பிடி?” என்று கேட்டார். இங்கே மாணவர்கள் பரீட்சையில் மட்டும்தான் தோற்பார்கள், அதைப் பார்க்க ஆரும் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை என்றேன். பாவம், அவருக்குக் கழகம் என்றால் என்னவென்று விளங்கவில்லை. கழிப்பறைத் தாள் விற்று உதைபந்தாட்டம் நடத்தும் நாடு இது என்று சொன்னால் நம்புவாரா? மகளின் கழகத்துக்காக நான் வாங்கிய தாள் நிலக்கீழ் அறையில் கூரை வரைக்கும் நிற்கிறது. என் பேரப்பிள்ளைகளுக்கும் காணும்.

இனி, இறங்கியதால் எங்களுக்குக் கிடைத்த வரங்களைச் சொல்ல வேண்டும்.

2024-இல் இரண்டாம் பிரிவின் பெயர் ஓபோஸ் லீக். ஓபோஸ் என்றால் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம். ஒஸ்லோத் தமிழனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்தால் முதலில் பஞ்சாங்கம் பார்ப்போம், அடுத்ததாக ஓபோஸில் பதிவோம், பிள்ளை வளர வளர மூப்புரிமையும் வளரட்டும் என்று. வீடு கட்டுகிறவன் பெயரில் இருக்கும் லீக்கில் போய் அணியைக் கட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றியதே, அந்த வாஸ்து அறிவுக்குத் தலை வணங்குகிறேன்.

அடுத்த வரம், வி.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் இல்லாத வாழ்வு. முதற்பிரிவில் 2023-இலிருந்து கோல் அடித்தால் கட்டிப்பிடிக்கக்கூடப் பயம். திரையைப் பார்த்துவிட்டு நடுவர் வந்து கையை விரிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாம் பிரிவில் அந்தக் கருமம் கிடையாது. 2024 ஜூலையில் துரொன்ஹைமில் ரோசன்போர்க், லில்லஸ்த்ரோம் ஆட்டத்தின்போது ரசிகர்கள் வி.ஏ.ஆரை எதிர்த்து மைதானத்துக்குள் மீன்கேக் எறிந்து ஆட்டத்தையே நிற்பாட்டினார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. மீன்கேக்கை வீட்டில் மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலான வரம் லின். மேற்கு ஒஸ்லோவின் அந்தப் பழைய கழகத்தோடு லீக்கில் மோதி 15 வருடம் ஆகியிருந்தது. 2024-இல் இரண்டாம் பிரிவில்தான் மறுபடி சந்தித்தோம். கிழக்கும் மேற்கும், நாங்களும் பணக்காரரும், கீழ்மாடியில் சந்தித்துக் கைகுலுக்கினோம். எங்கள் கணக்காளர் தம்பியை லின் கழகத்தின் கதையைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஜோன் ஓபி மிகெல் என்ற நைஜீரியப் பெடியனை 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிவிட்டதாகச் சொல்ல, செல்சி இல்லை என்று சொல்ல, ஒரு வருடம் இழுபட்டது வழக்கு. கடைசியில் 2006-இல் செல்சியிடமிருந்து யுனைடெட்டுக்கு 12 மில்லியன் பவுண், லின்னுக்கு 4 மில்லியன். ஆளை வைத்திருந்தவனுக்குச் சின்னப் பங்கு, சட்டையைப் பிடித்துப் படம் எடுத்தவனுக்குப் பெரிய பங்கு. எங்கள் ஊர்க் காணித் தரகர்கள்கூட இப்படிச் செய்வதில்லை. நாலு வருடத்தில், 2010-இல், லின் வங்குரோத்து. அடிமட்டப் பிரிவுகளில் இருந்து ஏணி வைத்து ஏறி, இரண்டாம் பிரிவுக்கு வர 2023 முடிந்துவிட்டது. மீன்கடை அண்ணர் சொன்ன ‘பத்துப் பதினைஞ்சு’ கணக்கு அச்சாவாகப் பொருந்துகிறது. அவருக்கு இன்னொரு வடை கொடுத்திருக்கலாம்.

நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. தொடக்கத்தில் தடுமாறினீர்கள், பஸ் அண்ணர் பாக்கவை மூன்று தரம் வாயாலேயே வேலையிலிருந்து நீக்கினார், நீங்கள் அவரை வைத்துக்கொண்டே பிரிவின் சம்பியனாகி ஒரே வருடத்தில் மேலே வந்துவிட்டீர்கள். எங்களைக் கேட்காமலே. பதினைந்து வருடத்துக்குக் கதை இருக்கிறது என்று நம்பியிருந்த தகப்பன்மார் கூட்டம் ஒன்று நடைகூடத்தில் அநாதையாக நின்றது. மறுபடி வீட்டுக் கடன் வட்டி. மறுபடி மருத்துவபீடம்.

ஆகவேதான் இந்த விண்ணப்பம். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் இறங்கித் தந்தால் போதும். முடியாதென்றால் இன்னொரு வழி சொல்கிறேன். இந்த நாட்டில் 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளிப்பட்டியல் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. பிள்ளை மனம் நொந்துபோகும் என்று. அந்தச் சலுகையை வோலரெங்கா ஆண்கள் அணிக்கும் நீட்டும்படி உதைபந்தாட்டச் சங்கத்திடம் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு பதக்கமும் ஆளுக்கொரு தோடம்பழத் துண்டும்.

அதோடு, திரும்பக் கட்டுவதற்கு முன்மாதிரி தேடி ஒரு குழுவை உலகம் சுற்ற அனுப்ப வேண்டும் என்பது நடைகூடத்தின் ஏகமனதான தீர்மானம். ஜேர்மனிக்குப் போகட்டும், டென்மார்க்குக்குப் போகட்டும், தேவையென்றால் மைத்துனரின் பல்கலைக்கழகத்துக்கும் போகட்டும். காசு எங்கே என்று கேட்காதீர்கள். மாநகரசபையிடம் அரங்கத்துக்கான காணியை 1 குறோணருக்கு வாங்கியவர்கள் நீங்கள். ஒஸ்லோவில் அந்தக் காசுக்குப் பலசரக்குக் கடைப் பைகூட வாங்க முடியாது. அப்படிப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் விமானச்சீட்டும் மலிவாக எடுப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு முறைப்பாடு. முன்மாதிரி தேடும் இந்தப் பாரதூரமான வேலைக்கு இடைஞ்சலாக, உங்கள் அரங்கத்தில் உங்கள் நீலச் சட்டையையே போட்டுக்கொண்டு வேறொரு அணி ஓடித் திரிகிறது. பெண்களாம். விசாரித்ததில் 2020-இல் நாட்டின் சம்பியன் என்றார்கள். 2023-இல், நீங்கள் இறங்கிய அதே வருடம், மறுபடி சம்பியன் என்றார்கள். 2024-இலும் அவர்கள்தானாம். நீங்கள் ராவ்ஃபோஸ், லெவாங்கர் என்று பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அந்த வருடத்தில் ஆர்சனலும் பயர்ன் மியூனிக்கும் யுவெண்டஸும் இவர்களோடு விளையாடவென்று விமானம் ஏறி ஒஸ்லோ வந்து போயிருக்கிறார்கள். அந்த ஆர்சனல்தான் 2025 மே மாதம் ஐரோப்பாவின் சம்பியன் ஆனது. இதையெல்லாம் ஆரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நடைகூடத்தில் நான் மெதுவாக இந்தக் கதையை எடுத்தேன். கணக்காளர் தம்பி தன் கைத்தொலைபேசியைப் பார்த்தார். பஸ் அண்ணர், “அது வேறை, தம்பி” என்றார். என்ன வேறு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகவே உலகம் சுற்றப் போகும் குழு, போகும் வழியில் அரங்கத்து வாசலில் இவர்களைக் கண்டால் பேச்சுக் கொடுத்து நேரத்தை வீணாக்காமல் விமான நிலையம் போய்ச்சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1979-இல் எரிந்த வோலரெங்கா தேவாலயம் திருத்தி எழுந்து 1984-இல் மறுபடி திறந்தது. அந்தத் தேவாலயத்தைப் பற்றிய பாட்டைத்தான் உங்கள் ரசிகர்கள் கழுத்துச் சால்வையைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிறார்கள். நானும் பாடுவேன், பாதி உச்சரிப்போடு. கல்லும் மரமும் திரும்ப எழும்ப அஞ்சு வருடம் எடுத்திருக்கிறது. நீங்கள் ஒரே வருடத்தில் முடித்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

இப்படிக்கு,
உறுப்பினர் சந்தா கட்டிய, கூட்டத்துக்கு வராத,
குரூருட் பள்ளத்தாக்குத் தகப்பன்.

பி.கு.: இந்தக் கடிதத்தை மேசையில் கண்ட மகள், எங்கே கொடுக்கப் போகிறேன் என்று கேட்டாள். அரங்கத்தில் நேரடியாக என்றேன். “அப்ப சனிக்கிழமை என்னோடை வாங்கோ அப்பா. நான் எப்பிடியும் அங்கதானே போறன்” என்றாள். ஆகவே அன்று தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வருகிறேன். கந்தோர் பூட்டியிருந்தால் வாஃபிள் வரிசையில் நிற்பேன், யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து உள்ளே கோல் விழுந்தால், அடித்தது ஆர் என்று மகள் வந்து சொல்லுவாள். அவளுக்கு எல்லோருடைய பெயரும் தெரியும்.