மருமகன் ஏறிய வரை

ஜெனீவா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் ஐரோப்பாவின் பெருமலை ஒன்றை வென்று திரும்பிவிட்டதாக ஒட்டன்சத்திரம் முழுவதும் பேச்சு உலவுவதாகத் தெரியவருவதாலும், அப்பேச்சின் ஊற்று மாமா அவர்களின் திண்ணையே என்று ஐயுற இடமிருப்பதாலும், நடந்தது இன்னது என்று முறைப்படி எழுதிவைக்கும் கடமை மருமகனுக்கு ஏற்பட்டுள்ளது.

மோன் பிளாங் என்னும் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் வெள்ளை மலை என்று பொருள். பிரான்சும் இத்தாலியும் தொடும் எல்லையில் நிற்கும் அதன் உச்சியைப் பாறைக்கு மேல் தடித்துப் படிந்த பனியே மூடியிருப்பதால், காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதன் உயரம் ஏறி இறங்க, நில அளவையாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கருவிகளுடன் ஏறி அளந்து வருகின்றனர். 2021இல் 4807.81 மீட்டர் இருந்தது 2023இல் 4805.59 மீட்டர் ஆயிற்று. மலையின் கணக்கிலேயே இரண்டு மீட்டர் இடிக்கும்போது, ஏறப் போனவனின் கணக்கில் சற்று முன்பின் இருப்பதை மாமா அவர்கள் பெரிதுபடுத்தலாகாது.

இம்மலையில் முதலில் ஏறுவோருக்குப் பரிசு உண்டென்று 1760இல் அறிவித்தவர் ஜெனீவாவின் அறிவியலாளர் சொசூர். அதைப் பெற ஆள் கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. 1786 ஆகஸ்டு 8ஆம் நாள் பக்கார் என்ற மருத்துவரும், மலையில் பளிங்குக் கற்கள் தேடிப் பிழைத்த பல்மா என்பவரும் உச்சியை அடைந்தனர். மறு ஆண்டு சொசூர் 18 வழிகாட்டிகளோடும் ஒரு பணியாளோடும் தாமே ஏறி, அங்கே தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று அளந்தார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் உச்சியில் ஏறத்தாழ 84 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதாவது, அடுப்பில் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். சோறு வேகாத ஊரில் மனிதனுக்கு என்ன வேலை என்று தங்கள் தமக்கையார் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு இந்நாட்டு அறிவியலில் விடை இல்லை. அவர் அறிவுரைப்படி கட்டி எடுத்துச் சென்ற புளியோதரை கெடாமல் இருந்தது உண்மை. ஆனால் நல்லெண்ணெயோடு சேர்ந்து இறுகிப்போன அதைப் பனிக்கோடரியின் துணையின்றிப் பிரிக்க இயலவில்லை என்பதும் உண்மை.

அடிவாரத்திலிருந்து பற்சக்கர ரயில் ஒன்று மலைமேல் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடுகிறது. பழனியில் விஞ்சு ரயிலில் ஏறுவோரைப் படியேறுவோர் பார்க்கும் அதே பார்வையை இங்கும் காண முடிந்தது. ரயில் விடும் இடத்துக்கு மேலே குலுவார் எனப்படும் செங்குத்தான பாறை ஓடை வருகிறது. அங்குள்ள கற்களைப் பிடித்துவைத்திருக்கும் பனி வெயிலில் உருக உருகக் கற்கள் உருண்டு விழுவதால், பொழுது ஏறுமுன் தலைக்கவசத்துடன் அதை விரைந்து கடக்க வேண்டும். பல உயிர்களைக் கொண்ட இடம் என்பதால் அங்கே எவரும் சிரிப்பதில்லை, மருமகனும் சிரிக்கவில்லை.

அந்த ஓடைக்கும் மேலே, கூத்தே விடுதி 3835 மீட்டர் உயரத்தில் உள்ளது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அங்கே அனைவரையும் எழுப்பி, காலணிக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்புப் பற்சட்டத்தைக் கட்டி, இடுப்பில் கயிறு பூட்டுகின்றனர். பனியாற்றில், அதாவது மலைச்சரிவில் மிக மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருக்கில், ஆளை விழுங்கும் பிளவுகள் புதுப்பனியின்கீழ் மறைந்திருப்பதால் ஒருவர் விழுந்தால் மற்றவர் இழுத்துப் பிடிக்கவே இக்கயிறு. எனினும் தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு, சந்தைக்கு ஓட்டிச் செல்லப்படும் கன்றும் உடையவரும் போல் தோன்றியிருக்கலாம். வழிகாட்டியின் நடையோ நிலைக்குத் திரும்பும் தேரின் நடை. அந்த நடைக்கே மருமகனுக்கு மூச்சு வாங்கியது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஊரில் உள்ளதே என்றாலும் அழுத்தம் பாதியளவுக்கு அருகில் இறங்கிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு என்று அறிஞர் விளக்குகின்றனர். விளக்கம் தெரிந்ததால் மூச்சு கூடவில்லை.

4362 மீட்டரில் உள்ள வல்லோ என்னும் அவசரப் புகலிடத்தை அடைந்தபோது, உச்சிக்குச் செல்லும் கத்திமுனை போன்ற முகட்டில் காற்று பனித்தூளை வாரி வீசிக்கொண்டிருந்தது. வழிகாட்டி ஐந்து நிமிடம் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லாமல் கயிற்றின் முன்பின்னை மாற்றிக் கட்டினார். இறங்கும்போது அனுபவமுள்ளவர் பின்னால் வருவதே வழக்கம் என்பதால், இனி இறக்கமே என்று விளங்கிற்று. எஞ்சியிருந்தது சுமார் 445 மீட்டர், அதாவது மூன்று பழனிக் குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் உயரம்.

எனவே திண்ணையில் ‘வென்றான்’ என்ற வினைமுற்றை நீக்கி ‘ஏறினான்’ என்பதை வழங்குமாறு வேண்டப்படுகிறது; அதில் பொய்யில்லை, எது வரை என்று எவரேனும் கேட்டாலன்றிச் சொல்லவும் வேண்டியதில்லை.

மற்றொன்று: தங்கள் தமக்கையார் அனுப்பிய பழுப்புநிறக் குரங்குக் குல்லாவை அடிவாரத்தில் கண்டு நகைத்த வழிகாட்டி, வல்லோவில் அதை இருமுறை கேட்டு வாங்கி அணிந்துகொண்டார். அதே நிறத்தில் இரண்டு வாங்கி அடுத்த பார்சலில் அனுப்பவும். தலை சற்றுப் பெரிது.

இவ்வண்ணம்,
தங்கள் மருமகன்